கால் முன்னால் பிறந்தவனின் முதலுதவி

நான் கால் முன்னால் பிறந்தவன். ஊரில் எல்லாரும் தலையைக் காட்டிக்கொண்டு உலகத்துக்கு வந்தால், நான் காலை நீட்டிக்கொண்டு வந்தேன். என் அம்மா அன்றைக்குப் படாத பாடு பட்டாளாம். பட்டது அவள், பலன் எனக்கு. ஆந்திராவில் நகரி பக்கத்தில் எங்கள் ஊரில் யாருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டாலும், இடுப்புப் பிடித்துக்கொண்டாலும், நேராக என் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். பிடித்த இடத்தில் நான் இடது காலால் மூன்று தரம் உதைக்க வேண்டும். கால் முன்னால் பிறந்தவன் உதைத்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தெலுங்குக்காரர்களுக்கும் இதே நம்பிக்கைதான். இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் மொழிச் சண்டை கிடையாது.

இதற்குச் சட்டதிட்டம் உண்டு. உதை வாங்குகிறவர் கிழக்கே பார்த்து உட்கார வேண்டும். வாங்கிய பிறகு நன்றி சொல்லக் கூடாது. திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். என்னைக் கண்டால் ஆகாதவர்கள்கூட வந்து முதுகைக் காட்டுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு நான் நாலாவதாக ஒன்று சேர்த்துக் கொடுப்பேன். என் மாமியாரையே ஊர் பார்க்க மூன்று தரம் உதைத்திருக்கிறேன். எத்தனை மருமகன்களுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கும் சொல்லுங்கள். அவரும் எழுந்து திரும்பிப் பார்க்காமல் போனார்.

நான் கபடி கோச் ஆனதும் இந்தக் காலால்தான். நல்ல ஆட்டக்காரன் என்று என்னை யாரும் சொன்னதில்லை. பகலெல்லாம் பவர்லூம் ஷெட்டில் நாலு தறி ஓட்டிவிட்டுச் சாயங்காலம் மைதானத்தில் போய் நிற்பேன். ஆட்டத்தில் விழுந்தவனை உதைத்து எழுப்ப ஓர் ஆள் வேண்டும், அதற்காகப் பையன்கள் என்னைக் கூட்டிப் போனார்கள். போகப்போக நானே ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். விசில் வந்ததும் தொண்டை வந்தது, தொண்டை வந்ததும் அதிகாரம் வந்தது.

அது ஊர் காலியாகிக்கொண்டிருந்த காலம். தொண்ணூறுகளின் நடுவில் தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்தது, வீட்டுக்கு வீடு கேபிள் வந்தது, பையன்கள் கிளம்பினார்கள். பெங்களூருக்கு இரண்டு பேர், திருப்பூருக்கு மூன்று பேர், மெட்ராஸ் பக்கம் புதுக் கம்பெனிக்கு ஒருத்தன். பன்னிரண்டு பேர் இருந்த டீம் சரியாக ஏழில் வந்து நின்றது. ஒருத்தனுக்கு வயிற்றால் போனால் அன்றைக்கு டீமே கிடையாது.

அந்த ஏழிலும் ஆறு பேர் தலைக்கணக்குக்குத்தான். ஆடுகிறவன் ஒருத்தன். அவன் என் மச்சான், என் மனைவியின் ஒரே தம்பி. ரெய்டு போனால் இரண்டு பேரையாவது தொட்டுவிட்டுத்தான் வருவான். அவனும் கிளம்ப இருந்தான். குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவர் வேலை. விசா வந்துவிட்டது. மெட்ராஸில் உடம்புப் பரிசோதனைக்கு நாளும் குறித்துவிட்டார்கள். அதில் ஒரு சின்னக் கோளாறு என்று எழுதினாலும் ஏஜெண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவான். மாமனார் வீட்டில் பிழைக்கப் போகிற முதல் ஆள் அவன். அந்த வீடே அவன் உடம்பைத்தான் நம்பி இருந்தது.

என் மனைவி என்னைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னாள். “யோவ், நல்லாக் கேட்டுக்கோ. எந்தம்பி இனிமே கபடி ஆடக் கூடாது. அவன் மேல ஒரு கீறல் உழுந்தாலும் ஒன்னத்தான் கேப்பேன்.”

“நான் இன்னா கொழந்தையா, எனக்குத் தெரியாதா?”

“கொழந்தையா இருந்தா சொன்னாக் கேக்கும்.”

நான் கேட்கவில்லை. பாகாலாவில் ஒரு போட்டி வைத்திருந்தார்கள். ஏதோ குளிர்பானக் கம்பெனி மைதானம் முழுக்கத் துணி கட்டி, முதல் பரிசாகக் கலர் டி.வி. தருவதாகச் சொல்லியிருந்தது. கலர் டி.வி. என்றால் அந்த வருஷம் எங்கள் ஊருக்கு ஐராவதம் மாதிரி. ஆனால் ஒரு புது விதி போட்டிருந்தார்கள். முதலுதவிப் பயிற்சி முடித்த சர்டிபிகேட் உள்ள கோச் இருந்தால்தான் டீமைச் சேர்ப்பார்களாம். பயிற்சி திருப்பதியில், இரண்டு நாள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பிறக்கும்போதே முதலுதவியோடு பிறந்தவனுக்குப் பயிற்சியா? மீனுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிற கதையாக இருக்கிறதே என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் புலம்பினேன். ஏஜெண்டைப் பார்க்கத் திருப்பதிக்கு வந்த மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து பொரிகடலை தின்றுகொண்டே வந்தான்.

பயிற்சி ஒரு பள்ளிக்கூட ஹாலில். நாற்பது பேர் இருப்போம். எல்லாரும் என் மாதிரி பொழுதுபோன நேரத்துக் கோச்கள். ஒருத்தர் ரேஷன் கடைக்காரர், ஒருத்தர் கண்டக்டர், ஒருத்தர் திருச்சானூரில் லாட்ஜ் வைத்திருப்பவர். சட்டையில் குத்திக்கொள்ள ஆளுக்கொரு அட்டை, அதில் பெயர். பாடம் எடுத்தது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நர்சம்மா. நரைத்த கொண்டை, கணீர் என்று தெலுங்கு. எங்களுக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடுதான், ஆனாலும் அந்த அம்மா பேசினால் திட்டுவது போலவே இருந்தது.

“ஆட்டத்துல ஒருத்தன் தலைகுப்புற விழுந்துட்டான், கழுத்து வலிக்குதுன்றான். நீங்க முதல்ல என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார்.

சோடா கொடுப்பேன் என்றார் ரேஷன் கடைக்காரர். தூக்கி நிறுத்தி நாலு அடி நடக்க வைப்பேன் என்றார் கண்டக்டர். நான் மெதுவாக எழுந்து, சபைக்கு ஒரு கும்பிடு போட்டு, “நான் ஒதைப்பேன்” என்றேன்.

ஹால் சிரித்தது. நான் விடவில்லை. பிறந்த கதையை விவரமாகச் சொன்னேன். நர்சம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு மேஜை மேல் இருந்த பொம்மையைத் தூக்கித் தரையில் வைத்தார். இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள ரப்பர் மனுஷன். மூச்சு ஊதிப் பழக வைத்திருந்தார்கள்.

“செஞ்சு காட்டுங்க” என்றார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டேன். பொம்மையைக் கிழக்கே திருப்பி வைத்தேன். பூப்போலத்தான் உதைத்தேன், சத்தியமாக. ஒன்று, இரண்டு. மூன்றாவதில் பொம்மையின் தலை கழன்று உருண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது.

“பேஷன்ட் போயாடு, கோச்காரு” என்றார் நர்சம்மா. ஆள் போய்ச் சேர்ந்துவிட்டானாம்.

அன்றைக்கு அந்த ஹாலில் கேட்ட சிரிப்பு மாதிரி நான் எங்கும் கேட்டதில்லை. ரேஷன் கடைக்காரர் சிரித்த சிரிப்பில் அவருக்கே இடுப்புப் பிடித்துக்கொண்டது. என்னைக் கூப்பிடவில்லை. நர்சம்மா மட்டும் சிரிக்கவில்லை. தலையை எடுத்து வந்து நாலு சுற்றுச் சுற்றி மாட்டினார். “இதுக்கு மரை வெச்சிருக்கு, திரும்ப மாட்டிட்டேன். மனுஷனுக்கு மரை கிடையாது. மெட கதபொத்து” என்றார். கழுத்தை அசைக்காதே என்று அர்த்தம். அதையே மூன்று தரம் சொன்னார், என்னையே பார்த்துச் சொன்னார்.

மத்தியானம் கொடுத்த எலுமிச்சை சாதத்தை வாங்கித் தின்றுவிட்டு, கடைசி பெஞ்சில் வேண்டுமென்றே குறட்டை விட்டுத் தூங்கினேன். எனக்கு ரோஷம் ஜாஸ்தி. மறுநாள் அந்த ஹாலில் கால் வைக்க மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் சர்டிபிகேட் வேண்டும். சர்டிபிகேட் இல்லாமல் கலர் டி.வி. இல்லை. காலையில் லாட்ஜில் மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது என் பெயர் அட்டையை எடுத்து அவன் பையில் குத்தினேன்.

“இன்னா மாமா இது?”

“இன்னிக்கு நீதான் நானு. போய் ஒக்காந்துட்டு வா.”

“அந்தம்மா கண்டுபுடிச்சிட்டா?”

“அட்டையில போட்டோவா கீது? நேத்து நான் கடைசி பெஞ்சு. நீ மொதோ பெஞ்சுல ஒக்காரு, சந்தேகம் வராது.”

அவன் போனான். நான் ஷேர் ஆட்டோ ஏறித் திருச்சானூர் போய்த் தாயாரைக் கும்பிட்டேன். அந்த நர்சம்மா வருகிற ரிக்‌ஷா டயர் வெடிக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். தாயார் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் சந்திரகிரிக்குப் பஸ் ஏறி, கோட்டைக்குள் ஒரு வேப்பமர நிழலில் துண்டை விரித்துச் சாயங்காலம் வரை படுத்துவிட்டேன். ராஜாக்கள் படுத்த இடத்தில் நானும் படுத்தேன் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா.

திரும்பி வந்தால் மச்சான் லாட்ஜ் வாசலில் நின்று கொண்டிருந்தான், கையில் என் பெயர் போட்ட சர்டிபிகேட். நர்சம்மா ஆள்மாறாட்டத்தைக் கண்டுபிடித்தும், இவனாவது கவனமாகக் கேட்டான் என்று விட்டுவிட்டாராம். முகமே வேறு மாதிரி இருந்தது. கலியாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி ஒரே உற்சாகம். அன்றைக்குச் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் பஸ்ஸில் எனக்கு ஒப்பிக்க ஆரம்பித்தான். நினைவில்லாதவன் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாதாம். வலிப்பு வந்தவன் கையில் சாவி கொடுக்கக் கூடாதாம். கழுத்தில் அடிபட்டவனைத் தூக்கவே கூடாதாம். நான் துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு, “டேய், ஒனக்குக் குவைத்துல வண்டி ஓட்டற வேல. இத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?” என்றேன். சர்டிபிகேட்டை என் மனைவி கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினாள். வந்தவர்களிடம் எல்லாம் காட்டினாள். நான் ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

போட்டி அன்றைக்கு மச்சானைப் பாகாலாவுக்குக் கூட்டிப் போனது அவளுக்குத் தெரியாது. பாஸ்போர்ட் விஷயமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டேன். பரிசோதனைக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. மச்சானுக்கே கொஞ்சம் தயக்கம். “நீ கிட்ட போவாம தொட்டுட்டு வந்துடு, அது போதும்” என்று நான்தான் கிளப்பினேன். நான்தான். இதில் யார் மேலும் பழி போட முடியாது.

மைதானம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால். அரையிறுதி வரை சுலபமாக வந்துவிட்டோம். அரையிறுதியில் எதிர்ப்பக்கம் நின்றவர்கள் சந்திரகிரி பக்கத்துப் பையன்கள். ஒவ்வொருத்தனும் கதவு மாதிரி அகலம். மச்சான் ரெய்டு போனான். ஒருத்தனைத் தொட்டுவிட்டுத் திரும்பி நடுக்கோட்டுப் பக்கம் தாவினான். பின்னாலிருந்து ஒருத்தன் இரண்டு கணுக்காலையும் சேர்த்துப் பிடித்துவிட்டான். தாவிய வேகத்தில் தலை முதலில் தரையில் இடித்தது. உடம்பு அதன் மேல் மடங்கி, உருண்டு, மல்லாந்து விழுந்தது. அதற்குமேல் ஒரு பையன் வேறு விழுந்தான்.

விழுந்த பையன் எழுந்துவிட்டான். மச்சான் எழுந்திருக்கவில்லை.

இரண்டு நிமிஷத்தில் ஊரே உள்ளே வந்துவிட்டது. சோடா ஒருத்தன் கையில், வெங்காயம் ஒருத்தன் கையில், சாவிக்கொத்து ஒருத்தன் கையில். புத்தூருக்குக் கொண்டு போங்கள், கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று ஒருத்தர் கத்தினார். கை கால் உடைந்தால் எங்கள் பக்கம் புத்தூர்க் கட்டுதான், நானே முழங்கைக்குக் கட்டிக்கொண்டு தேறினவன். அதற்குள் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டார். “வழி உடுங்கப்பா. கால் மொதல்ல பொறந்தவரு வராரு. ரெண்டு ஒதையில எழுந்து ஒக்காந்துடுவான்.”

கூட்டம் சட்டென்று பிளந்து எனக்கு வழிவிட்டது. சோடாக்காரனுக்கு விடாத வழி எனக்கு விட்டது. நான் செருப்பைக் கழற்றினேன். பயமாக இருந்தது, ஆனாலும் என் கால் மேல் நம்பிக்கை இருந்தது. எத்தனை கழுத்தைச் சரி செய்த கால். இந்தக் கழுத்து என் மனைவியின் தம்பி கழுத்து, இதைவிட எதற்கு இந்தக் கால் உதவப் போகிறது என்றுதான் நினைத்தேன். இரண்டு பேர் குனிந்து மச்சானின் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தார்கள், கிழக்கே பார்த்து உட்கார வைக்க.

“மாமா.”

மச்சானின் கண் திறந்திருந்தது. மேலே ஆகாசத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். குரல் கீச்சென்று வந்தது. நான் குனிந்தேன்.

“என்ன ஒக்கார வெக்க வேணாம்னு சொல்லு மாமா. கையில எறும்பு ஊர்ற மாதிரி கீது. ரெண்டு கையிலயும்.”

“ஒதைச்சா சரியாப் பூடும்டா” என்று நிமிர்ந்து இடது காலைத் தூக்கினேன்.

“ஒதைக்காத மாமா. ஒன் கால்ல உழுந்து கேக்கறேன். கழுத்துல எலும்பு ஒடைஞ்சிருந்தா, நீ ஒதைச்சா கையும் காலும் போய்டும். அந்தம்மா சொன்னாங்க. அப்பறம் எனக்குக் குவைத்தும் இல்ல, நகரியும் இல்ல, படுக்கைதான்.”

அவன் கண் ஓரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. அதைத் துடைக்கக்கூட அவன் கையைத் தூக்கவில்லை. ரப்பர் பொம்மையின் தலை பெஞ்சுக்கு அடியில் உருண்டது அப்போதுதான் எனக்குள் சரியாகப் போய் இறங்கியது. தூக்கி வைத்திருந்த இடது காலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. ஒரு மாதிரி தரையில் ஊன்றினேன்.

“இன்னாடா பண்ணணும்?” என்றேன் அவன் காதோரம்.

“தோள்ல கைய வெச்சிக்கினு கீறாங்களே, அவங்கள எடுக்கச் சொல்லு. கூட்டத்த அனுப்பு. எந்தலமாட்டுல முட்டி போடு.”

கூட்டத்தை அனுப்பு என்று சொல்வது சுலபம். எங்கள் பக்கத்து ஜனம் கலெக்டர் சொன்னாலும் நகராது. நான் நிமிர்ந்து, விசிலை எடுத்து மூச்சு முட்ட ஊதினேன். “நான் சர்டிபிகேட்டு வாங்கின கோச்சு, எல்லாரும் தள்ளுங்க” என்றேன். ஒருத்தனும் அசையவில்லை. சர்டிபிகேட்டை யார் மதித்தார்கள். அப்புறம்தான் யோசனை வந்தது.

“இன்னிக்குக் காலால இல்ல, கையால எடுக்கப் போறேன்” என்றேன். “கால்ல கீற வேகம் கைக்கு ஏறி வரும்போது, பக்கத்துல தல மொதல்ல பொறந்தவன் எவன் நின்னாலும், இவன் புடிப்பு அவன் கழுத்துக்குத் தாவிடும். அப்பறம் என்ன வந்து கேக்கக் கூடாது.”

பத்தடி, இருபதடி என்று மைதானமே பின்வாங்கியது. சோடா வைத்திருந்தவன் சோடாவோடு கோட்டுக்கு வெளியே போய் நின்றான். தோளுக்கு அடியில் கை கொடுத்தவர்கள் சுட்டுவிட்டது போல எடுத்தார்கள். நடுவராக வந்த டிரில் மாஸ்டர்கூடக் கழுத்தைத் தடவிக்கொண்டு நாலு அடி தள்ளி நின்றார்.

நான் மச்சானின் தலைமாட்டில் முட்டி போட்டேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. புரோகிதர் முணுமுணுக்கிற மந்திரத்தை மாப்பிள்ளை திருப்பிச் சொல்வதைப் போல, கீழே படுத்திருந்தவன் மெதுவாகச் சொல்ல, நான் அதையே உரக்கக் கத்தினேன்.

“முழங்கை ரெண்டையும் தரையில ஊனு மாமா.”

ஊன்றினேன்.

“ரெண்டு கையாலயும் காதோட சேத்துத் தலையப் புடி. இழுக்காத. திருப்பாத. இப்பிடி கீற மாதிரியே வெச்சிக்க.”

பிடித்தேன். இந்த மாதிரி ஒரு தலையைப் பிடித்ததே இல்லை. சூடாக, வேர்வையாக, உள்ளே நாடி துடிப்பது விரலில் தெரிந்தது. இத்தனை வருஷமாக நான் உதைத்தது எல்லாம் இப்படி உயிர் ஓடுகிற கழுத்துகளைத்தான் என்று தோன்றியது.

“பலக ஒண்ணு கேளு. ஆள் நீளத்துக்கு.”

“பலக ஒண்ணு கொண்டாங்க, ஆள் நீளத்துக்கு” என்று கத்தினேன். எங்கள் டீம் பையன்கள் இரண்டு பேர் பள்ளிக்கூடத்துக்குள் ஓடி, சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே தலைமை ஆசிரியர் ஓடிவந்தார். திங்கட்கிழமை இன்ஸ்பெக்‌ஷன், போர்டு இல்லாமல் என்ன செய்வது என்று தெலுங்கில் அழாத குறை. கிட்டே வந்தால் கழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று யாரோ சொன்னதும் அவரும் நின்றுவிட்டார்.

எங்கள் டீம் பையன்களில் ஐந்து பேரை, உங்களுக்குத் தாவாது என்று சொல்லிக் கூப்பிட்டேன். தோளுக்கு ஒருத்தன், இடுப்புக்கு ஒருத்தன், காலுக்கு ஒருத்தன், பலகையைத் தள்ள இரண்டு பேர். எண்ணிக்கையை மட்டும் மச்சானே சொன்னான். மூன்று என்றதும் மரக்கட்டையைப் புரட்டுவது போல மொத்தமாகப் புரட்டி, பலகையைக் கொடுத்து, மறுபடி மல்லாத்தினோம். தலை என் கையில், உடம்போடு சேர்ந்தே திரும்பியது. இரண்டு பக்கமும் பனியன்களைச் சுருட்டி வைத்து, நெற்றியோடு சேர்த்து வேட்டியைக் கிழித்துக் கட்டினோம். வேட்டி என்னுடையது. அரை டிராயரோடு நான் அன்றைக்குப் பாகாலாவில் நின்றதை இன்றைக்கும் அந்தப் பக்கம் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு.

மாங்காய் ஏற்றப் போன வேன் ஒன்று கிடைத்தது. சித்தூர் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் நான் அவன் தலைமாட்டில் குனிந்தபடியே வந்தேன், கட்டுக்கு மேலே என் கையும் இருக்கட்டும் என்று. “மாட்டு வண்டி மாதிரி போப்பா” என்று டிரைவரிடம் கெஞ்சினேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மச்சானிடம், “விரல் அசையுதாடா?” என்று கேட்பேன். “அசையுது மாமா” என்பான். வழியில் ஓர் இடத்தில் பதில் வரவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. “கேட்டுக்கினே கீறியே, கொஞ்சம் சும்மா இரேன்” என்றான். பாதி வழியில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஆந்திர தேசத்தில் என்னை உதைக்க ஓர் ஆள் இல்லை.

ஆஸ்பத்திரியில் போட்டோ எடுத்துப் பார்த்தார்கள். கழுத்து எலும்பில் ஒரு விரிசல். நரம்புக்கு ஒன்றும் இல்லை. டாக்டர் சின்ன வயசுக்காரர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, “யாரு தலையைப் பிடிச்சிக்கிட்டு வந்தது?” என்று கேட்டார். எல்லாரும் என்னைக் காட்டினார்கள். “இவனைத் தூக்கி உட்கார வெச்சிருந்தாலோ, கழுத்துல கை வெச்சிருந்தாலோ, இந்த விரிசல் விலகி நரம்பை நசுக்கியிருக்கும். கழுத்துக்குக் கீழ எதுவும் வேலை செஞ்சிருக்காது. நல்ல பயிற்சி உங்களுக்கு” என்று என் தோளைத் தட்டினார். மச்சான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். நான் வராந்தாவுக்கு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, அரை டிராயரோடு நின்று அழுதேன்.

மறுநாள் காலையில் என் மனைவி வந்தாள். அவளிடம் எதையும் மறைக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷன் பொய், சந்திரகிரித் தூக்கம், தூக்கிய கால், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. “சர்டிபிகேட்டு ஒன் பேருல, புத்தி அவன் பேருல” என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்குப் போனதும் கூடத்தில் மாட்டியிருந்ததைக் கழற்றி அரிசி டின்னுக்கு மூடியாக வைத்துவிட்டாள். ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. குவைத் வேலை கைவிட்டுப் போய்விட்டது, ஏஜெண்டு அந்த இடத்துக்கு வேறு ஆளை அனுப்பிவிட்டான். என் மச்சான் கழுத்தில் பட்டையோடு கிடந்தான். அடுத்த வருஷம்தான் வேறு வீட்டுக்கு விசா கிடைத்துப் போனான். அது அப்புறம்.

பாகாலாக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கே வந்து எனக்குச் சால்வை போட்டார்கள். கையால் சுளுக்கு எடுத்த மகான் என்று பேச்சு பரவி, பக்கத்து வார்டிலிருந்து ஒரு கிழவர் எழுந்து வந்து என் முன்னால் கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். நான் அவரைக் கைத்தாங்கலாக டாக்டரிடம் கூட்டிப் போய் விட்டேன். அவரும் திரும்பிப் பார்க்காமல்தான் போனார்.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இருபது வருஷத்தில் எத்தனை கழுத்தை உதைத்திருப்பேன்? திரும்பிப் பார்க்காமல் போ என்று சொல்லி அனுப்பிவிட்டேன், ஒருத்தரும் திரும்பி வந்து என்ன ஆயிற்று என்று சொன்னதில்லை. வேலைக்கு என்று ஊரை விட்டுப் போனவர்களில் யாருக்குக் கை மரத்துப்போயிருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? பையன்கள் போனார்கள் போனார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, எந்த உடம்போடு போனார்கள் என்று பார்க்கவில்லை.

நாலாம் நாள், மச்சானுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். பட்டை கட்டிய கழுத்தோடு அவனால் குனிய முடியாது. கேட்டுவிட்டேன்.

“டேய் மச்சான். அன்னிக்கு உழுந்தது நீயா இல்லாம, நம்ம டீமுல வேற எவனாவதா இருந்து, நீயும் அந்தக் கிளாசுக்குப் போவாம இருந்திருந்தா, இன்னா ஆகியிருக்கும்?”

அவன் இட்லியை மென்று விழுங்கினான்.

“நீ ஒதைச்சிருப்ப மாமா” என்றான். “ஒனக்குத் தோதா இருக்கட்டும்னு நான்தான் அவன் தலையத் தூக்கிப் புடிச்சிக்கினு இருந்திருப்பேன்.”